தாத்தாவோட கட்டிங் பிளேயருக்கு என்ன வயசு? கைப்பிடியைக் கேளுங்க!

எங்க ஊர் திண்டிவனம் பக்கம். வீட்டுல ஒரு தகர டூல் பாக்ஸ் இருக்கு. அதுக்குள்ள மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு கட்டிங் பிளேயர். தாத்தா வயர்மேன். அவர் போன பிறகு அது பெரியப்பா கைக்கு வந்துச்சு, அவரும் வயர்மேன்தான். வீட்டுல யார்கிட்ட கேட்டாலும் அந்தப் பிளேயருக்கு ஒரே கதைதான் சொல்வாங்க: "விழுப்புரம் ஜங்ஷன்ல வேலை பார்த்த வெள்ளைக்கார ஃபோர்மேன் ஊருக்குப் போறப்ப தாத்தாவுக்குக் கொடுத்துட்டுப் போனது."

சின்ன வயசுலேர்ந்து நம்பின கதை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சதுல வந்த வியாதியோ என்னவோ, இந்த தீபாவளி லீவுல அதை எடுத்து உத்துப் பார்த்தேன். பார்க்க ஆரம்பிச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. போன வருஷம் மழையில பம்புசெட் ஸ்டார்ட்டர் பாக்ஸ்ல இதே பிளேயரை வச்சு வேலை பார்த்தப்ப, "கை சுர்ருனு இழுத்துச்சுடா"ன்னு பெரியப்பா சொன்னார். மழை ஈரம்னு விட்டுட்டார். எனக்கு அந்தக் கைப்பிடி மேலதான் சந்தேகம்.

பழைய கட்டிங் பிளேயரோட வயசைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு தேடிப் படிச்சதையும், கையில வச்சுப் பார்த்ததையும் சேர்த்து இங்க எழுதறேன். உங்க வீட்டுலயும் ஒண்ணு கண்டிப்பா இருக்கும்.

ஏன் கைப்பிடி?

பிளேயரோட வாய்ப்பகுதி பெருசா மாறவே இல்ல. நுனியில பிடிக்க ஒரு தட்டை, நடுவுல குழாய் பிடிக்க ஒரு வளைவு, ஓரத்துல கம்பி வெட்ட ஒரு கத்தி. நூறு வருஷம் முன்னாடி செஞ்சதையும் போன மாசம் வாங்கினதையும் வாயை மட்டும் பார்த்தா பிரிக்கிறது கஷ்டம்.

கைப்பிடி அப்படி இல்ல. எந்தக் காலத்துல எந்தப் பொருள் கிடைச்சுதோ, அது அங்க வந்து உட்காரும். முதல்ல வெறும் இரும்பு, அப்புறம் ரப்பர், அப்புறம் விதவிதமான பிளாஸ்டிக். அதனால கைப்பிடி கிட்டத்தட்ட ஒரு காலண்டர் மாதிரி. ஒரே சிக்கல், அந்தக் காலண்டர் சில நேரம் பொய்யும் சொல்லும். அதைப் பின்னாடி பார்ப்போம்.

1. வெறும் இரும்பும் அதுல இருக்கிற கோலமும்

ரொம்பப் பழைய பிளேயருக்கு உறையே கிடையாது. எண்ணெய்க் கையில வழுக்காம இருக்க இரும்புலயே சொரசொரப்பு வச்சிருப்பாங்க. சில கம்பெனிக்கு அந்த டிசைனே கையெழுத்து மாதிரி. அமெரிக்காவுல நியூவார்க்ல இருந்த கிராய்ட்டர், யூட்டிகா நகரத்துல இருந்த யூட்டிகா டிராப் ஃபோர்ஜ் மாதிரி கம்பெனிகளோட பிளேயர்ல கட்டம், வைரம்னு வேற வேற வடிவம் வரும். பென்சில்வேனியாவுல நியூபோர்ட்ங்கிற ஊர்ல இருந்த ஃபோர்ஜ்டு ஸ்டீல் புராடக்ட்ஸ் கம்பெனி, கைப்பிடி முழுக்கச் சின்னச் சின்னக் குழிகளை வரிசையா வச்சு அதுக்கு 'வேக்கம் கிரிப்'னு பேரே வச்சுது. பேர் தேய்ஞ்சு போனாலும், சேகரிக்கிறவங்க டிசைனை வச்சே எந்தக் கம்பெனின்னு சொல்லிடுவாங்க.

இங்க நம்ம மெட்டீரியல்ஸ் லேப் அறிவு கொஞ்சம் உதவும். சொரசொரப்பு ஃபோர்ஜிங் டையிலேயே வந்திருந்தா ஓரங்கள் மழுங்கி உருண்டையா இருக்கும். பின்னாடி மெஷின்ல வெட்டியிருந்தா ஓரம் கூர்மையா, கோடு ஒரே ஆழமா இருக்கும். விரலால தடவினாலே தெரியும்.

வெறும் இரும்புக் கைப்பிடியில இன்னொரு அடையாளமும் உண்டு. சிலதுல ஒரு கைப்பிடி நுனி ஸ்க்ரூடிரைவர் மாதிரி தட்டையா இருக்கும், இல்லன்னா இன்னொரு நுனி ஆணி மாதிரி கூரா இருக்கும். போன நூற்றாண்டோட முதல் பாதியில இது ரொம்ப சகஜம். நுனியே ஒரு டூல்னா அதுல உறை போட முடியாது. அப்படி ஒண்ணு உங்ககிட்ட இருந்தா அது கரண்ட் வேலைக்காகச் செஞ்சதே இல்லன்னு அர்த்தம்.

2. ரப்பர்

கரண்ட் பரவினதும் கைப்பிடிக்கு ரப்பர் உறை வந்துச்சு. வல்கனைஸ்டு ரப்பர் வயசானா எப்படி ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பழைய செருப்பு வார் மாதிரி கெட்டியாகி, குறுக்கால வெடிக்கும். காத்துல இருக்கிற ஓசோன்தான் முக்கியக் காரணம். இழுவிசை இருக்கிற இடத்துல, அதாவது கைப்பிடி வளையற இடத்துல, முதல்ல வெடிக்கும். அசல் ரப்பர் உறையோட பழைய பிளேயர் கிடைக்கிறது அபூர்வம். பெரும்பாலும் உறை உதிர்ந்து போய் வெறும் இரும்புதான் மிஞ்சும்.

நம்ம ஊர் ஸ்பெஷல் ஒண்ணு உண்டு: சைக்கிள் டியூப். உறை போனதும் பழைய டியூபை வெட்டி இழுத்து மாட்டிடுவாங்க. அது ரிப்பேர். அதை வச்சு வயசு சொல்லக் கூடாது.

3. கண்ணாடி மாதிரி மஞ்சள்: அசிட்டேட்

எங்க வீட்டுப் பிளேயர் இந்த வகை. கெட்டியா, கொஞ்சம் ஒளி ஊடுருவற மாதிரி, நகத்தால தட்டினா 'டக் டக்'னு சத்தம் வர்ற உறை. இது செல்லுலோஸ் அசிட்டேட். மரக்கூழ், பஞ்சு மாதிரி செல்லுலோஸ்லேர்ந்து செய்யற பிளாஸ்டிக். இந்தியாவுல இன்னிக்கும் இந்த உறையோட பிளேயர் விக்குது. அதனால அசிட்டேட்னு தெரிஞ்சா மட்டும் பழசுன்னு முடிவு பண்ண முடியாது. ஆனா அதுக்கு எவ்வளவு வயசாகியிருக்குன்னு மூக்கு சொல்லும்.

டூல் பாக்ஸைத் திறந்ததும் புளிச்ச வாசனை வந்துச்சு. ஊறுகாய் பாட்டில் உடைஞ்சிருக்கும்னு அம்மா நினைச்சாங்க. அது வினிகர் வாசனை. செல்லுலோஸ் அசிட்டேட் ஈரத்தோட சேர்ந்து மெல்ல உடையறப்ப அசிட்டிக் ஆசிட் வெளிய வரும். அந்த ஆசிட்டே இன்னும் வேகமா உடைக்கும். பழைய சினிமா பிலிம் சுருள்களைப் பாதுகாக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி, 'வினிகர் சிண்ட்ரோம்'னு அதுக்குப் பேர். பிலிம் டப்பாவுல நடக்கிற அதே வேதியியல்தான் எங்க டூல் பாக்ஸ்லயும் நடந்திருக்கு. மூடி வச்ச தகரப் பெட்டி, வாசனை வெளிய போக வழி இல்ல, வேகம் இன்னும் கூடும்.

இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான்: அசிட்டேட் பியூட்டிரேட். பழைய ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில நிறைய வரும். அது வயசானா வர்ற நாத்தம் வாந்தி மாதிரி இருக்கும், மேல வெள்ளையா பூஞ்சை பிடிச்ச மாதிரி படலமும் வரும். பூஞ்சை இல்ல, சோப்புத் தண்ணியில போயிடும்.

4. தோய்ச்சு எடுத்த பிவிசி

பிவிசி தானா கெட்டியான பொருள். அதை ரப்பர் மாதிரி வளையற பொருளா மாத்தினது அமெரிக்காவுல பி.எஃப். குட்ரிச் கம்பெனியில வேலை பார்த்த வால்டோ செமன், 1926இல். டூல் கைப்பிடியில அது பரவலா வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். சூடான கைப்பிடியைத் திரவ பிவிசியில முக்கி எடுத்தா தோல் மாதிரி ஒட்டிக்கும்.

முக்கி எடுத்ததா, தனியா செஞ்சு மாட்டினதான்னு பார்க்கிறது சுலபம். முக்கினதுல எங்கயும் ஒட்டுக் கோடு இருக்காது, நுனியில ஒரு சொட்டு தொங்கி உறைஞ்ச மாதிரி தடிப்பா இருக்கும். அச்சுல வார்த்து மாட்டினதுல ரெண்டு பக்கமும் மெல்லிய கோடு ஓடும், கம்பெனிப் பேரோ விரல் வைக்கிற பள்ளமோ இருக்கும். பழைய பிவிசி பிசுபிசுன்னு ஒட்டும். அதை இளக்கறதுக்காகக் கலந்த எண்ணெய் மாதிரிப் பொருள் மேல கசிஞ்சு வர்றதுதான் காரணம்.

இந்தக் காலத்துலதான் நிறமே அடையாளமா மாறிச்சு. அமெரிக்காவுல சானல்லாக்னா நீலம், ஜெர்மனியில வுப்பர்டால் ஊர் நிப்பெக்ஸ்னா சிவப்பு.

5. ரெண்டு நிறம்

உள்ள கெட்டியா ஒரு நிறம், மேல ரப்பர் மாதிரி மெத்துன்னு இன்னொரு நிறம். ரெண்டு பிளாஸ்டிக்கை ஒரே அச்சுல ஒண்ணு மேல ஒண்ணு வார்க்கிற முறை இது. இதைப் பார்த்தா யோசிக்கவே வேண்டாம், நம்ம தலைமுறையோ அதுக்குக் கொஞ்சம் முன்னாடியோதான்.

உறை பொய் சொல்லும்

பழைய கோயிலைப் புதுப்பிக்கிறப்ப கல்வெட்டுக் கல்லை இடம் மாத்தி வச்சுடுவாங்க இல்லையா, அந்த மாதிரி உறையும் மாறியிருக்கலாம். மூணு விஷயம் பாருங்க.

முதல்ல, உறையோட விளிம்புல உள்ள எட்டிப் பாருங்க. உள்ள இரும்புல கட்டம் போட்ட சொரசொரப்பு இருந்தா, அந்தப் பிளேயர் உறை இல்லாம இருக்கச் செஞ்சது. உறை பின்னாடி வந்தது.

ரெண்டாவது, கம்பெனிப் பேரையோ அளவையோ உறை மூடியிருக்கான்னு பாருங்க. எந்தக் கம்பெனியும் தன் பேரைத் தானே மூடாது.

மூணாவது, தேய்மானம் பொருந்துதான்னு பாருங்க. வாய் தேய்ஞ்சு, ரிவெட் ஆடுது, ஆனா உறை மட்டும் புதுசா மின்னுதுன்னா சந்தேகப்படணும்.

எங்களுதுல உள்ள இரும்பு வழவழப்பு, மூடின எழுத்து எதுவும் இல்ல, உறையும் வாயும் ஒரே அளவு கிழவன். அதனால உறை அசல்னு எடுத்துக்கிட்டேன்.

எழுத்தைப் படிங்க

உறை ஒரு காலகட்டத்தைச் சொல்லும். வருஷத்தை நெருக்கறது எழுத்துதான். தேய்ஞ்ச எழுத்தைப் படிக்க எமெரி ஷீட் போட்டுத் தேய்க்காதீங்க, இருக்கிறதும் போயிடும். மண்ணெண்ணெய்ல ஊற வச்சுத் துணியால துடைங்க. அப்புறம் சாக்பீஸைத் தேய்ச்சு, மேலாகத் துடைச்சிட்டு, இருட்டுல போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. பள்ளத்துல வெள்ளை நிக்கும். என்ன எழுத்து எந்தக் காலம்னு கீழ:

• 'வெஸ்ட் ஜெர்மனி' — 1949க்கும் 1990க்கும் நடுவுல. வெறும் 'ஜெர்மனி'ன்னா பெரும்பாலும் அதுக்கு முன்னாடி இல்ல பின்னாடி.

• 'ஆக்குபைடு ஜப்பான்' — போர் முடிஞ்சு அமெரிக்கப் படை அங்க இருந்த காலம், 1952க்குள்ள.

• எஸ்.ஐ.ஆர். — சவுத் இந்தியன் ரயில்வே. 1951இல் அது சதர்ன் ரயில்வேயோட சேர்ந்துடுச்சு. அதனால இந்த எழுத்து இருந்தா அதுக்கு முன்னாடி.

• அமெரிக்க பிளேயர்ல 'சாம்பியன் டிஆர்மென்ட்' — அந்தக் கம்பெனி தன் பேரை சானல்லாக்னு மாத்திக்கிட்டது 1963இல்.

• அளவு அங்குலத்துல மட்டும் இருக்கா, மி.மீ.யும் இருக்கா? இந்தியாவுல மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்து, 1960களின் தொடக்கத்துல கட்டாயமாச்சு. நம்ம நாட்டுல செஞ்சதுல மி.மீ. இருந்தா அதை ஒட்டியோ பிறகோ.

• ஐஎஸ்ஐ முத்திரை — இந்தத் தரமுத்திரைத் திட்டம் தொடங்கினது 1955இல். முத்திரைக்கு மேல ஒரு எண் இருக்கும், அதுதான் தங்கம். ஏன்னா அந்த எண் எந்தத் தரநிலைன்னு சொல்லும், அந்தத் தரநிலை எப்ப வந்துச்சுன்னு தேடலாம்.

• 'தபாரியா' — நாசிக்ல சுவீடன் நாட்டுக் கம்பெனியோட தொழில்நுட்பக் கூட்டுல 1969இல் உற்பத்தி தொடங்கினாங்க. "இது சுதந்திரத்துக்கு முந்தின தபாரியா"ன்னு யாராவது வித்தா சிரிச்சுட்டு வந்துடுங்க.

ஒரு விதி மட்டும் மறக்காதீங்க. இந்த அடையாளம் ஒவ்வொண்ணும் 'இதுக்கு முன்னாடி இருக்க முடியாது' இல்லன்னா 'இதுக்குப் பின்னாடி இருக்க முடியாது'ன்னுதான் சொல்லும். காப்புரிமைத் தேதி பொறிச்சிருந்தாலும் அப்படித்தான், அது காப்புரிமை கிடைச்ச தேதி, பிளேயர் செஞ்ச தேதி இல்ல. ரெண்டு பக்கமும் வேலி போட்டுக்கிட்டே வந்தா நடுவுல வருஷம் மாட்டும்.

எங்க வீட்டுத் தீர்ப்பு

சாக்பீஸ் போட்டு டார்ச் அடிச்சப்ப ரிவெட் பக்கத்துல நாலு எண் தெரிஞ்சுது: 3650. "அது சீரியல் நம்பரா இருக்கும்டா"ன்னார் அப்பா. அதுக்குக் கீழ பாதி தேய்ஞ்ச ஐஎஸ்ஐ முத்திரை. ஐ.எஸ். 3650 கட்டிங் பிளேயருக்கான இந்தியத் தரநிலை. முதல்ல வந்த வருஷம் 1966.

அவ்வளவுதான், ஃபோர்மேன் கதை முடிஞ்சுது. வெள்ளைக்காரன் போய்ப் பத்தொன்பது வருஷம் கழிச்சு வந்த தரநிலை அதுல இருக்கு. எஸ்.ஐ.ஆர். எழுத்தும் எங்கயும் இல்ல.

அந்தப் பக்கத்து வேலியை அப்பா கொடுத்தார். எங்க கிணத்துக்கு மோட்டார் வச்சது 1974, அப்ப அவர் அஞ்சாங்கிளாஸ். தாத்தா இந்த மஞ்சள் பிளேயரால சர்வீஸ் வயர் வெட்டினதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கார். ஆக 1966க்கும் 1974க்கும் நடுவுல. நெய்வேலி அனல் மின்சாரம் வந்து, சுத்துவட்டார ஊர்கள்ல பம்புசெட் பெருகின காலம். ஒரு வயர்மேனுக்குக் கை நிறைய வேலை இருந்திருக்கும்.

பெரியப்பாகிட்ட இதைச் சொல்ல எனக்குப் பயம். கதையை உடைச்சிட்டானேன்னு கோவிச்சுப்பார்னு நினைச்சேன். முழுசா கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "அப்ப யாரும் சும்மா கொடுக்கல. எங்கப்பா காசு போட்டு வாங்கினதுதானா?"ன்னார். "ஆமா பெரியப்பா. அதுவும் முத்திரை போட்டதா பார்த்து வாங்கியிருக்கார்"ன்னேன். அதுல அவருக்குச் சந்தோஷம்தான்.

ஆனா கரண்ட்ல கை வைக்காதீங்க

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். அதே டார்ச் வெளிச்சத்துல உறையைப் பார்த்தோம். பெருவிரல் படற இடத்துல தலைமுடி மாதிரி ஒரு விரிசல், இரும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. காய்ஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியாது. மழையில அந்த விரிசல்ல தண்ணி ஏறினா, உறை இருந்தும் இல்லாத மாதிரிதான். பம்புசெட்டுக்கு வர்றது மூணு ஃபேஸ், 400 வோல்ட்டுக்கு மேல. பெரியப்பாவுக்குச் 'சுர்'ருன்னு இழுத்தது மழையால மட்டும் இல்ல.

"அந்தக் காலத்துச் சாமான், இன்னிக்கு வர்றதை விட கெட்டி" — எல்லா வீட்டுலயும் சொல்ற வசனம். இரும்பைப் பொறுத்தவரைக்கும் அது உண்மையா இருக்கலாம். பிளாஸ்டிக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது. இரும்பு தேயும், பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள மாறும்.

இன்னொண்ணு: உறை இருக்கிறதெல்லாம் இன்சுலேஷன் இல்ல. நிறைய பிளேயர்ல உறை கைக்கு மெத்துன்னு இருக்கத்தான். கரண்ட் வேலைக்கான பிளேயர்ல ரெண்டு முக்கோணம் சேர்ந்த குறியும் 1000 வோல்ட்னும் பொறிச்சிருக்கும். ஐஇசி 60900ங்கிற உலகத் தரநிலையோட அடையாளம் அது. அப்படிப்பட்ட டூலை 10,000 வோல்ட்ல சோதிச்சு அனுப்புவாங்க. சைக்கிள் டியூப் சுத்தினது இந்தக் கணக்குல வரவே வராது. டியூப் ரப்பர்ல கார்பன் பிளாக் கலந்திருக்கும், அது காத்து நிக்கறதுக்காகச் செஞ்சது, கரண்ட் தடுக்க இல்ல. குறி போட்ட புது பிளேயரா இருந்தாலும் மெயினை அணைச்சிட்டு, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு வேலை செய்யறதுதான் முறை.

அடுத்த நாள் பெரியப்பாவோட விழுப்புரம் போய் முக்கோணக் குறி போட்ட ஒண்ணு வாங்கினோம். என் இன்டர்ன்ஷிப் காசு. தாத்தாவோடது இப்ப வேலிக் கம்பி முறுக்க மட்டும்.

வீட்டுல செய்ய வேண்டியது

உறையை சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய வச்சுக்கோங்க. பெட்ரோல், தின்னர் வேண்டாம். அசிட்டேட் உறையில நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டா உறையே கரையும். வினிகர் வாசனை வர்றதை மூடின பெட்டியில வைக்காம காத்தாட வைங்க, பக்கத்துல இருக்கிற இரும்பையும் அந்த ஆசிட் துருப்பிடிக்க வைக்கும். ரிவெட்ல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.

முக்கியமா, காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாக்பீஸ் தேய்ச்சுப் பாருங்க. எடைக்குப் போட்டா கிடைக்கிற சில்லறையை விட அந்த நாலு எண் பெருசா இருக்கலாம். என்ன எழுத்து இருக்குன்னு போட்டோ எடுத்து நம்ம இதழுக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல சேர்ந்து உக்காந்து வயசு கணிப்போம்.